இருபத்திரண்டாம் தாள், ஏழாவது வரி

மார்லா வோய்சிக்கின் சாவிக்கொத்தில் வீட்டுச் சாவி, கார் சாவி, இவற்றோடு ஒரு பேப்பர் கிளிப்பும் தொங்கும். பெரிய கிளிப், ஓரமெல்லாம் துரு. என்ன இது என்று யாராவது கேட்டால், "எங்கப்பா விட்டுட்டுப்போன சொத்து" என்பாள். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவள் சிரிக்க மாட்டாள்.

பதினான்கு வருடக் கறுவல் அது. ஆறப்போடுகிற கோபம் வேறு, அடைகாக்கிற கோபம் வேறு. மார்லா அடைகாத்தாள்.

அவள் அப்பா லென் வோய்சிக், மில்லர்ஸ்போர்ட் நகராட்சியில் பனி அள்ளும் லாரி ஓட்டியவர். யார் வம்புக்கும் போகாத மனிதர். ஒன்பதாவது வார்டின் சின்ன நூலகத்தை நகராட்சி இழுத்து மூடியபோது அவருக்கு என்ன வந்ததோ, "ஹாலரனை எதிர்த்து நானே நிக்கிறேன்" என்று கிளம்பிவிட்டார். எம்மெட் ஹாலரன் அப்போதே பதினான்கு வருடக் கவுன்சிலர். அந்த ஊரில் எல்லோரும் ஒரே கட்சி. சண்டை என்பதெல்லாம் கட்சிக்குள்தான். வேட்பாளராக நிற்க வார்டு வாக்காளர்கள் நானூற்று எழுபத்து மூன்று பேர் மனுத்தாளில் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். லென் வேலை முடிந்து வந்து, பூட்ஸைக்கூடக் கழற்றாமல், வீடு வீடாகப் போய் எழுநூறு வாங்கினார். அறுபத்தொரு தாள். வீட்டு ஸ்டேப்ளரின் பின் அத்தனை தாளுக்குள் இறங்கவில்லை. மனிதர் ஒரு பெரிய கிளிப்பைப் போட்டு, ஓரங்களைத் தட்டி நேராக்கி, கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

மனுத்தாள்கள் புத்தகம் போலத் தைத்திருக்க வேண்டும் என்று விதி. கிளிப் தையல் ஆகாது என்று விசாரணை மண்டபத்தில் ஹாலரனின் வக்கீல் எழுந்தார். நான்கே நிமிடம். எழுநூறு பேரின் கையெழுத்தும் குப்பைக்குப் போயிற்று.

அதோடு விட்டானா ஹாலரன்? எழுந்து வந்து லென்னின் தோளில் கை போட்டு, மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி, "லென், அடுத்த தடவை நல்ல ஸ்டேப்ளரா ஒண்ணு வாங்கிக்கோப்பா. இல்லேன்னா சொல்லு, என் ஆபீஸ்ல நாலு கிடக்கு" என்றான். கூட்டம் கொல்லென்று சிரித்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த மார்லாவுக்கு அப்போது இருபத்தேழு வயது. ஹாலரன் சிரித்ததைக்கூட அவள் பொறுத்திருப்பாள். அப்பாவும் சேர்ந்து சிரித்தாரே, அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

அடுத்த மாதமே அவரை ஊர்க்கோடியில் இருக்கிற உப்புக் கிடங்குக்கு மாற்றினார்கள். கூட வேலை செய்தவர்கள் கவுன்சிலருக்குப் பயந்து அவரோடு உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்தினார்கள். நான்கு வருடம் லாரிக்குள்ளேயே தனியாகச் சாண்ட்விச் தின்றார். ஒருநாள் அங்கேயே இதயம் நின்றுபோனது. சவ அடக்கத்துக்கு ஹாலரன் ஒரு பெரிய மலர்வளையம் அனுப்பினான். 'என் அருமை நண்பருக்கு' என்று ரிப்பனில் பொன் எழுத்து. மார்லா அதைக் கல்லறை வாசல் குப்பைத் தொட்டியில் திணித்தாள். தொட்டி மூடவில்லை. காலால் மிதித்து மூடினாள்.

பிறகு ஒரு வக்கீலிடம் உதவியாளராகச் சேர்ந்தாள். வேலை நேரம் போக மீதி நேரமெல்லாம் தேர்தல் விதிகளைப் படித்தாள். கல்யாணம் பண்ணிக்கொள், நாய்க்குட்டி வாங்கு, எங்காவது கடற்கரைக்குப் போ என்று தோழிகள் சொல்லிப் பார்த்தார்கள். அவள் கேட்டுக்கொண்டாள், அவ்வளவுதான்.

இந்த வருடம் யெசேனியா வந்தாள்.

யெசேனியா பாரியென்டோஸ், இருபத்தாறு வயது. வாடகைக்காரர்கள் சங்கத்தில் வேலை செய்தவள். ஹாலரனுக்குச் சொந்தக்காரர் ஒருவரின் அடுக்குமாடியில் குளிர்காலத்தில் பதினோரு நாள் ஹீட்டர் ஓடாமல் கிடந்தபோது, குடியிருந்த அத்தனை பேரையும் கம்பளியோடு நகராட்சி மண்டபத்தில் கொண்டுவந்து படுக்க வைத்தவள். அவளைச் சுற்றி நாற்பது பிள்ளைகள். பச்சைத் தலைமுடி, மூக்கில் வளையம், கை முழுக்கப் பச்சை குத்தல். கூட்டத்தில் யார் பேச்சாவது பிடித்தால் கைதட்ட மாட்டார்கள், விரலைச் சொடுக்குவார்கள். முதல் தடவை மார்லா போனபோது தன்னை நாய் என்று நினைத்துக் கூப்பிடுகிறார்களோ என்றுகூடச் சந்தேகப்பட்டாள். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, உழைத்தார்கள். குடிநீர் வருகிற ஈயக் குழாயை மாற்றுங்கள், பேருந்துக் கட்டணத்தை எடுத்துவிடுங்கள், வாடகையைக் கட்டுப்படுத்துங்கள் என்று வாசல் வாசலாக ஏறி இறங்கினார்கள். விதி தெரிந்தவர் ஒருத்தர் வேண்டும் என்று மார்லாவைத் தேடி வந்தது யெசேனியாதான். வந்த மறுநாளே அவளுக்கு மார்லா அக்கா ஆகிவிட்டாள்.

"அக்கா, நாற்பது பேரு இருக்கோம், தையல் ஊசி ஒருத்தர்கிட்டயும் இல்ல. எப்படித் தைக்கிறது?"

"அதை நான் பாத்துக்கறேன்" என்றாள் மார்லா. அந்த வருடம் அவள் வாங்கிய முதல் பொருள் தாள் தைக்கிற பெரிய எந்திரம் ஒன்று, ஐந்நூறு தாளைத் துளைக்கக்கூடியது.

ஹாலரனுக்கு இப்போது எழுபத்திரண்டு வயது. முழங்கால் இரண்டும் போய்விட்டது, வீம்பு போகவில்லை. பழைய ஆட்கள் செத்தும் ஓய்வுபெற்றும் போனதால் கையெழுத்து வாங்க ஆளில்லை. அதை ஒத்துக்கொள்வானா? 'இந்த வயதிலும் ஒவ்வொரு கையெழுத்தையும் நானே நடந்து வாங்குகிறேன்' என்று துண்டுப் பிரசுரம் அடித்தான். ஒவ்வொரு மனுத்தாளின் அடியிலும், 'இவர்கள் அனைவரும் என் கண் முன்னால் கையெழுத்திட்டார்கள்' என்று சத்தியம் செய்து அவன் ஒருவனே கையெழுத்துப் போட்டான். உண்மையில் தாள்கள் நார்மாவின் மதுக்கடை மேஜையில், வினிகரில் ஊறவைத்த முட்டை ஜாடிக்கு அடியில் கிடந்தன. வெள்ளிக்கிழமை வறுத்த மீன் தின்ன வருகிற கிழவர்கள் எல்லாம் எண்ணெய்க் கையோடு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். ஊருக்கே தெரியும். ஆனால் யார் வந்து சாட்சி சொல்வார்கள்?

மார்லா தானே சாட்சியாகிவிடத் துணிந்தாள்.

மனுத்தாள் சுற்றுக்கு விட அனுமதித்த முதல் நாள், ஆகஸ்ட் இருபத்தாறு, வெள்ளி. ஹாலரன் அன்றிலிருந்து மூன்று நாள் இருநூறு மைலுக்கு அப்பால் தொழிற்சங்கப் பிக்னிக்கில் இருந்தான். சோளக் கதிர் தின்கிற படத்தை அவனே இணையத்தில் போட்டிருந்தான். மார்லா மதியம் நார்மா கடைக்குப் போய் மீன் சொன்னாள், ஹாலரனின் மனுத்தாளையும் கேட்டாள்.

"நீயா? ஹாலரனுக்கா?" நார்மாவின் கண் பிதுங்கிவிட்டது.

"மனசு மாறிப்போச்சு நார்மா. வயசாகுதில்ல."

"உங்கப்பா இருந்தா..."

"இருந்தாத்தானே? பேனாவைக் குடு."

இருபத்திரண்டாம் தாள், ஏழாவது வரி. பிறகு தைத்தபோது அந்தத் தாளுக்கு விழுந்த எண் அது. அந்த ஆளின் பெயருக்குக் கீழே தன் பெயரைப் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள். ஒரு தாளில் பொய்ச் சத்தியம் என்று நிரூபித்தால் அதே ஆள் சத்தியம் செய்த எல்லாத் தாளும் போகும். ஹாலரனோ எல்லாத் தாளிலும் தானே சத்தியம் செய்கிற ஆள். மீனை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.

இதை அவள் யெசேனியாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அந்தப் பெண் சம்மதிக்க மாட்டாள். "ஓட்டுல தோற்கடிப்போம் அக்கா. அவங்க செஞ்சதையே நாமளும் செஞ்சா அப்புறம் நாம எதுக்கு?" என்று முன்பே ஒருதரம் சொல்லியிருந்தாள்.

அங்கேதான் விதி கோணியது. மூன்று நாள் கழித்து யெசேனியா தன் முதல் மனுத்தாளைத் திறந்தாள். மூடிப்போன சலவைக் கடை ஒன்றுதான் அவர்கள் அலுவலகம், அதன் சாவி இப்போது மார்லாவின் கொத்திலும் இருந்தது. நாற்பது பிள்ளைகளும் கைபேசியைத் தூக்கிப் பிடித்திருக்க, "முதல் கையெழுத்து மார்லா அக்காதான்!" என்றாள் யெசேனியா. எல்லோரும் விரல் சொடுக்கினார்கள். ஒரு வாக்காளர் ஒரு வேட்பாளருக்குத்தான் கையெழுத்துப் போடலாம், இரண்டாவது செல்லாது. மார்லாவுக்குத் தெரியாதா? தலைகீழாகத் தெரியும். "எனக்கு வேண்டாம்மா" என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். வாங்கப்போகிற தொள்ளாயிரத்தில் ஒன்று, போனால் போகட்டும் என்று போட்டுவிட்டாள். யெசேனியா அவளைக் கட்டிக்கொண்டாள்.

டிசம்பரில் இரண்டு ஆட்சேபணைகளும் ஒரே நாளில் விசாரணைக்கு வந்தன. யெசேனியாவின் மனுமேல் ஹாலரன் ஆள் போட்டது முதலில். ஹாலரன் மனுமேல், வார்டு வாக்காளர் என்ற முறையில் மார்லா போட்டது அடுத்து. "அது உங்க உரிமை அக்கா. ஆனா என் பேர்ல வேண்டாம்" என்று யெசேனியா சொல்லிவிட்டாள்.

நகராட்சிக் கட்டடத்தின் நிலவறை. ஹாலரனின் வக்கீல் க்ரூப் யெசேனியாவின் மனுவிலிருந்த கையெழுத்துகளை மூன்று மணி நேரம் கத்தரித்தார். வீடு மாறியவர்கள் போனார்கள். வாக்காளர் அட்டையில் கூட்டெழுத்தும் மனுவில் தனித்தனி எழுத்துமாகப் போட்ட இளசுகள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். "இந்தத் தலைமுறைக்குக் கையெழுத்தே போட வரலையே, இவங்க எப்படி நகரத்தை ஆளப்போறாங்க?" என்று ஹாலரன் முன்வரிசையிலிருந்து கேட்டான். கிழவர்கள் சிரித்தார்கள். மார்லாவுக்கு அந்தச் சிரிப்பு பழக்கமானது.

கடைசியில் விசாரணை அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கூட்டிச் சொன்னார். "செல்லத்தக்கவை, நானூற்று எழுபத்து மூன்று. தேவையும் அதேதான். மனு ஏற்கப்பட்டது."

பிள்ளைகள் விரல் சொடுக்க மறந்து கூச்சல் போட்டார்கள். யெசேனியா அழுதுகொண்டே சிரித்தாள். மார்லா மட்டும் எழுந்திருக்கவில்லை. நானூற்று எழுபத்து மூன்று. அதில் ஒன்று அவளுடையது, செல்லாதது. அவள் வாய் திறந்து ஆகஸ்ட் இருபத்தாறு என்று சொன்னால் ஹாலரன் கவிழ்வான். ஆனால் உத்தரவில் இன்னும் முத்திரை விழவில்லை, க்ரூப் அடுத்த நிமிடமே யெசேனியாவின் முதல் தாளைப் புரட்டுவார். தேதியைச் சொல்லாமலும் முடியாது. அவன் ஊரில் இல்லாத நாள் அந்த மூன்றுதான்.

பத்து நிமிட இடைவேளை. மார்லா நடைவழியில் போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டாள். விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தாள். சத்தியமாக நினைத்தாள். இந்தப் பெண் அவனை ஓட்டிலேயே மண்ணைக் கவ்வ வைப்பாள், நாம் ஓரமாக நின்று பார்ப்போம், அது போதாதா? ஆட்சேபணையைத் திரும்பப் பெறும் தாளைக்கூடப் பையிலிருந்து எடுத்துவிட்டாள்.

அப்போது ஹாலரன் காபி எந்திரத்தை நோக்கிக் கைத்தடியோடு வந்தான். அவளைப் பார்த்து, ஓட்டுக் கேட்கிறவன் சிரிப்பு ஒன்று சிரித்தான்.

"என்னம்மா, என்மேல என்ன கோபம் உனக்கு? உங்க தெருவுல பள்ளம் கிள்ளம் மூடலையா?"

மார்லா சாவிக்கொத்தை அவன் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். "இது ஞாபகம் இருக்கா?"

"என்ன அது, கிளிப்பா?"

"லென் வோய்சிக். நான் அவர் பொண்ணு."

ஹாலரன் யோசித்தான். நடிக்கவில்லை, நிஜமாகவே யோசித்தான். அதுதான் வயிற்றெரிச்சல். "வோய்சிக்... மளிகைக்கடை வெச்சிருந்தாரே, அவரா?"

"பனி லாரி ஓட்டினவர். உங்களை எதிர்த்து நின்னவர். கிளிப் போட்டுக் கொண்டுவந்தார்னு தூக்கி எறிஞ்சீங்க."

"ஓ, அப்படியா! அடப் பாவமே" என்று அவன் காபியை எடுத்துக்கொண்டான். "தப்பா நினைக்காதே பொண்ணு. இந்த இருபத்தெட்டு வருஷத்துல அப்படி ஒரு பதினாறு பேரு இருப்பாங்க. எல்லார் பேரும் எங்க ஞாபகம் வருது? நல்ல மனுஷனாத்தான் இருந்திருப்பாரு. வீட்ல கேட்டேன்னு சொல்லு."

"செத்துட்டார். நீங்க மலர்வளையம் அனுப்பினீங்க."

"அனுப்பியிருப்பேன், அனுப்பியிருப்பேன்" என்று தலையாட்டிக்கொண்டே உள்ளே போனான்.

மார்லா கையிலிருந்த தாளை நான்காகக் கிழித்தாள்.

சாட்சிக் கூண்டு என்று ஒன்றும் கிடையாது, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. வலது கையைத் தூக்கிச் சத்தியம் செய்தாள். யெசேனியா பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். மார்லா அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"இருபத்திரண்டாம் தாள், ஏழாவது வரி. அது என் கையெழுத்து" என்றாள். "ஆகஸ்ட் இருபத்தாறு, மதியம் பன்னிரண்டரை மணி, நார்மா கடையில போட்டேன். தாள் முட்டை ஜாடிக்கு அடியில இருந்துச்சு. ஹாலரன் அங்க இல்ல. இருநூறு மைல் தள்ளி சோளக் கதிர் தின்னுக்கிட்டிருந்தார். இதோ அவரே போட்ட படம்."

 விசாரணை அதிகாரி படத்தைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், ஹாலரனைப் பார்த்தார். "இந்தத் தாளில் உங்கள் முன்னால் கையெழுத்திட்டதாகச் சத்தியம் செய்தது நீங்கள்தானே?"

"வார்டுல எல்லாரும் இப்படித்தான்..." என்று ஹாலரன் ஆரம்பித்தான். க்ரூப் அவன் கையைப் பிடித்து அழுத்தினார். ஆனால் வார்த்தை வெளியே வந்துவிட்டது. மொத்தம் நாற்பத்தெட்டுத் தாள், எல்லாம் அவன் சத்தியம், எல்லாம் போயிற்று. மார்லா மனதுக்குள் நிமிடத்தை எண்ணினாள். மூன்றரை. அப்பாவுக்கு நான்கு கொடுத்தார்கள்.

ஹாலரனின் முகம் தொய்ந்து விழுந்ததை அவள் கண்ணாரப் பார்த்தாள்.  அந்த இனிப்பை ஒளித்து என்ன ஆகப்போகிறது? இனித்தது.

க்ரூப் நிதானமாக எழுந்தார். "அதிகாரி அவர்களே, சாட்சி ஆகஸ்ட் இருபத்தாறு அன்று எங்கள் கட்சிக்காரருக்குக் கையெழுத்திட்டதாகச் சத்தியம் செய்திருக்கிறார். எதிர்வேட்பாளரின் முதல் தாள், முதல் வரியிலும் இதே பெயர் இருக்கிறது. அது இருபத்தொன்பதாம் தேதி என்பதற்கு அவர்களே எடுத்து வெளியிட்ட வீடியோ இருக்கிறது." அவர் கைபேசியைத் திருப்பிக் காட்டினார். அதில் பிள்ளைகள் விரல் சொடுக்கிக்கொண்டிருந்தார்கள். யெசேனியா மார்லாவைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"நானூற்று எழுபத்து இரண்டு" என்றார் விசாரணை அதிகாரி.

நடைவழியில் யெசேனியா அவள் முன்னால் வந்து நின்றாள். அழவில்லை.

"என் தாள்ல போடும்போது தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"இன்னைக்கு உள்ள போகும்போது?"

"தெரியும் யெசேனியா. அந்த ஆளுக்கு எங்கப்பா பேரு கூட..."

"நாற்பது பேரு மூணு மாசம் நடந்தாங்க" என்றாள் யெசேனியா. "உங்கப்பாவும் இப்படித்தான் நடந்திருப்பாரு. அவர் தாளை ஹாலரன் கிழிச்சாரு. என் தாளை நீங்க கிழிச்சீங்க."  பச்சைத் தலைமுடிக்காரப் பையன் ஒருவன் மார்லாவிடம் கை நீட்டி அலுவலகச் சாவியைக் கேட்டான். அவள் கொத்திலிருந்து கழற்றிக் கொடுத்தாள்.

பிப்ரவரி கடைசியில் தேர்தல். வாக்குச்சீட்டில் ஒன்பதாவது வார்டுக்கு யார் பெயரும் கிடையாது. வெறும் கோடு ஒன்று. வேண்டியவர் பெயரை வாக்காளரே கையால் எழுத வேண்டும். ஹாலரனும் எழுதச் சொல்லிக் கேட்டான், யெசேனியாவும் கேட்டாள்.

பள்ளிக்கூட வாசலில், உள்ளே ஓட்டுக் கேட்கக்கூடாது என்று கட்டிய நூறடிக் கயிற்றுக்கு வெளியே, பனியில் ஹாலரன் நின்றான். இருபத்தெட்டு வருடத்தில் அவன் வாசலில் நின்று கெஞ்சியதில்லை. காலில் கம்பளி சுற்றியிருந்தான். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. துண்டுச் சீட்டை நீட்டினால் பாதிப்பேர் வாங்காமல் போனார்கள். மார்லா காரை எதிரே நிறுத்தி, ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, ஒரு மணி நேரம் அதைப் பார்த்தாள். பார்க்க இரண்டு கண் போதவில்லை.

பிறகு இறங்கி நடந்தாள். அவளைக் கண்டதும் ஹாலரன் கைத்தடியைத் தூக்கிவிட்டான். "லென் வோய்சிக்!" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினான். "பனி லாரி! கிளிப்! இப்ப நல்லா ஞாபகம் இருக்குடி! லென் வோய்சிக் மகளே, நாசமாப் போ!"

அப்பாவின் பெயர் அந்த வாயிலிருந்து இரண்டு தடவை வந்தது. இதற்காகத்தான் அவள் பதினான்கு வருடம் காத்திருந்தாள். சிரித்துக்கொண்டே திரும்பினாள், யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது.

கயிற்றுக்கு வெளியே, மறு ஓரத்தில் யெசேனியா நின்றிருந்தாள். கையில் ஒரு டப்பா நிறையப் பேனா. வருகிறவர்களுக்கு ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மார்லா கிட்டே வந்ததும், மற்றவர்களிடம் சிரித்த அதே சிரிப்பைச் சிரித்தாள்.

"வணக்கம் மேடம். எழுதறதுக்குப் பேனா வெச்சிருக்கீங்களா?"